இரண்டு டிக்

காதுக்காரரின் தங்கச்சி புருஷனுக்கு விமானம் ஓட்டும் பிழைப்பு போனது இரண்டு 'டிக்'கால். குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான் இது. இருபத்து மூன்று வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன கதை. அதில் இனி ஒரு வார்த்தைகூட மாற்ற வேண்டியதில்லை என்றுதான் காதுக்காரரும் நினைத்திருந்தார், போன வியாழக்கிழமை காலை பதினொரு மணி வரைக்கும்.

காதுக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. டவரில் வைத்த பெயர். ஒரே ஒரு ரன்வே உள்ள சின்ன விமான நிலையம் அது. அதன் கண்ட்ரோல் டவரில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தார். எழுபத்திரண்டு படி ஏறினால் நாலு பக்கமும் கண்ணாடி போட்ட ஒரு அறை. ஒரு நீள மேஜை, இரண்டு மைக், ஆணியில் தொங்கும் பைனாகுலர், மூடி உடைந்த ஒரு டீ ஃபிளாஸ்க். மழைக்காலத்தில் வடக்குக் கண்ணாடியின் ஓரத்தில் தண்ணீர் கசியும், அதற்குக் கீழே ஒரு பழைய துண்டு மடித்துப் போட்டிருக்கும். அங்கே உட்கார்ந்து முகம் தெரியாத மனிதர்களின் குரல்களோடு காலம் தள்ளினார்.

பைலட் வாயைத் திறந்து அரை வார்த்தை சொல்லட்டும், அது யார், ஜலதோஷமா, ராத்திரி தூங்கினாரா, வீட்டில் சண்டையா, எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு தடவை இறங்க வந்துகொண்டிருந்த ஒரு பைலட்டிடம், "இறங்கினதும் பல் டாக்டரப் பாருங்க, இடது பக்கம் வீங்கியிருக்கு" என்றார். அந்த ஆள் நேராகப் படியேறி வந்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டே கையெடுத்துக் கும்பிட்டார். வீக்கம் இடது பக்கம்தான். அன்றிலிருந்து காதுக்காரர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கேலிக்கு வைத்த பெயர். இவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். தலைக்கனம் கொஞ்சம் உண்டு, இல்லை என்று சொன்னால் பொய்.

இப்போது 'டிக்' விஷயத்துக்கு வருவோம்.

டவர் எதைச் சொன்னாலும் பைலட் அதைத் தன் வாயால் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கூடவே தன் விமானத்தின் எண்ணையும் சொல்ல வேண்டும். அது சட்டம். சுற்றுவட்டாரத்தில் பறக்கிற எல்லோரும் ஒரே அலைவரிசையில்தான் பேசுகிறார்கள். யார் பேசுகிறார் என்று முகம் பார்க்க வழியில்லை. அதனால்தான் இவ்வளவு கெடுபிடி. ஆனால் தினமும் நாலு முறை போய் வருகிற மனிதர்களுக்குள் சட்டம் கொஞ்சம் இளகிவிடும். மைக்கின் பொத்தானைப் பேசாமலே இரண்டு முறை அமுக்கினால் கேட்கிறவர்கள் காதில் 'டிக் டிக்' என்று விழும். கேட்டது, புரிந்தது, நன்றி, வீட்டில் எல்லோரும் சௌக்கியம், இத்தனையும் அதற்குள் அடக்கம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பழக்கம். தப்புதான். ஆனால் அந்த நாளில் அதைச் செய்யாத ஆளே கிடையாது.

அதில் மன்னன், காதுக்காரரின் மாப்பிள்ளை, அதாவது அந்தத் தங்கச்சி புருஷன். ஒன்பது பேர் உட்காரும் சின்ன விமானத்தைத் தனி ஆளாக ஓட்டி, பக்கத்து ஊர்களுக்குத் தபாலும் ஆட்களும் கொண்டுபோய் வந்தவர். வார்த்தையை அளந்துதான் செலவழிப்பார். ஆனால் பேசுகிற அந்த நாலு வார்த்தையில் அப்படி ஒரு நிதானம். காற்று திசை மாறினாலும் மழை பிடித்துக்கொண்டாலும் அந்தக் குரல் ஒரே மாதிரி இருக்கும். அந்தக் குரலைக் கேட்டே காதுக்காரர் தன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். முகத்தைப் பார்த்தது அப்புறம்தான். "முகம் எப்படிண்ணா?" என்று தங்கச்சி கேட்டதற்கு, "குரல் நல்லா இருக்கு" என்று பதில் சொன்ன மனுஷன் அவர். தங்கச்சி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளை நேரில் பார்த்த பிறகு கோபம் தானாக இறங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகு 'டிக் டிக்' குடும்ப விஷயமாகிவிட்டது. இவர் மைக்கில் எதைச் சொன்னாலும் மாப்பிள்ளையிடமிருந்து இரண்டு டிக் வரும். முதல் டிக் லேசாக விழும், இரண்டாவது அழுத்தமாக விழும். சாயங்காலம் கடைசி விமானம் இறங்கியதும் காதுக்காரர் தங்கச்சிக்கு போன் போடுவார். "பாப்பா, உங்க வீட்டுக்காரர் இறங்கியாச்சு. அடுப்பப் பத்த வை" என்பார். அவளுக்கு எத்தனை வயதானாலும் அவருக்கு அவள் பாப்பாதான். சில நாள், "காலையில சண்டை போட்டீங்களா? முதல் டிக் ரொம்ப மெதுவா விழுந்துது" என்று காதைக் கடிப்பார். அந்தப் பக்கம் அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உங்களுக்கு வேற வேலையே இல்லையாண்ணா?" என்பாள். ஆறு வருஷம் இப்படியே போனது. தன் வாழ்க்கையில் நல்ல காலம் எது என்று கேட்டால் காதுக்காரர் யோசிக்காமல் அந்த ஆறு வருஷத்தைத்தான் சொல்வார்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மழை விட்ட காலை, வெயில் பளிச்சென்று அடித்தது. மாப்பிள்ளையின் விமானம் புறப்படத் தயாராக ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ரன்வேக்குள் போய் நிற்கலாம் என்று காதுக்காரர் முன்பே அனுமதி கொடுத்திருந்தார். அதற்குள், நூற்றிருபது பேரோடு வந்த ஒரு பெரிய விமானம், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே இறங்க வந்துவிட்டது. காதுக்காரர் உடனே மைக்கை எடுத்து மாப்பிள்ளையின் விமான எண்ணைச் சொல்லி, ரன்வேக்கு வெளியே நிற்கச் சொன்னார். டிக் டிக் என்று வந்தது. சரி என்று குனிந்து தாளில் நேரத்தைக் குறித்தார். நிமிர்ந்து பார்த்தால் மாப்பிள்ளையின் விமானம் ரன்வேயின் நடுவில் நிற்கிறது.

பெரிய விமானத்தின் பைலட் கெட்டிக்காரர். கடைசி நொடியில் மூக்கைத் தூக்கி மேலே ஏறிவிட்டார். இரண்டு விமானத்துக்கும் நடுவே நாலு மாடி உயரம்தான் இருந்தது என்று பிறகு அளந்து சொன்னார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

ஒன்பது நாள் கழித்து விசாரணை நடந்தது. மின்விசிறி கறகறவென்று சுற்றும் ஓர் அறையில் அன்றைய ஒலிநாடாவைப் போட்டுக் காட்டினார்கள். முதலில் சாட்சி சொன்னது காதுக்காரர்.

"ரெண்டு டிக் கேக்குது. அது யாரோடதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் விசாரணை அதிகாரி.

"எனக்குத் தெரியும் சார். ஆறு வருஷமா கேக்கிறேன். முதல் டிக் லேசு, ரெண்டாவது அழுத்தம். அது எங்க மாப்பிள்ளையோட டிக்."

அறையில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். காதுக்காரர் சொன்னால் அப்பீல் இல்லை. அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டார்கள். அவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மச்சானைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "என்னோடதுதான்" என்றார்.

உத்தரவு காதில் விழாமல் தப்பு செய்தால் மூன்று மாதம் பறக்கக் கூடாது, அவ்வளவுதான் தண்டனை. கேட்டு, சரி என்று பதிலும் கொடுத்து, அப்புறம் மீறினால் கதையே வேறு. லைசென்ஸைப் பிடுங்கிவிட்டார்கள். கம்பெனி கைகழுவியது. ஒரு வருஷம் கழித்து மனுப் போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. அப்போது அவருக்கு நாற்பது வயது. காதுக்காரருக்குக் கிடைத்தது ஒரே ஒரு எச்சரிக்கைக் கடிதம். டிக்கை ஏற்றுக்கொள்ளாமல் வாயால் பதில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதைக்கூட அவர் நியாயம் என்று ஒத்துக்கொண்டார். அப்படியே பயிற்சிப் பள்ளியில் வாரத்துக்கு ஒரு நாள் வகுப்பெடுக்கும் பொறுப்பும் வந்தது. பத்தொன்பது வருஷம் புதிதாக வந்தவர்களுக்கெல்லாம் அந்த ஒலிநாடாவிலிருந்து பதினைந்து விநாடித் துண்டை வெட்டி வைத்துக்கொண்டு போட்டுக் காட்டினார். "கேட்டீங்களா? சோம்பேறித்தனம். வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல சோம்பேறித்தனம்" என்பார். பெயரைச் சொல்ல மாட்டார், 'ஒரு பைலட்' என்றுதான் சொல்வார். அந்த அளவுக்கு நாகரிகம் அவருக்கு உண்டு.

மாப்பிள்ளை என்ன ஆனார்? கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். ஒரே கார், ஒரே மாஸ்டர். அவரிடம் ஒரு விசித்திரமான கண்டிப்பு உண்டு. அவர் எதைச் சொன்னாலும், ஓட்டுகிறவர் அதை உரக்கத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். "இடது பக்கம் திரும்பணும், திரும்புறேன்" என்று கத்திக்கொண்டே ஒரு கார் போனால், அது அவருடைய கார் என்று ஊருக்கே தெரியும். தலையாட்டினால் போதாது. "வாயால சொல்லுங்க" என்பார். ஜனங்கள் சிரித்தார்கள். ஆனால் அவரிடம் படித்தவர்கள் எங்கேயும் இடித்ததில்லை.

தங்கச்சிக்கு மட்டும் ஆறவே இல்லை. புருஷனைக் குத்திக்காட்டாத நாள் கிடையாது. "அன்னிக்கு வாயத் திறந்திருந்தா முத்தா உதிர்ந்திருக்கும்?" என்பாள். காதுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், "இவ்வளவு நடந்தும் எங்கண்ணன் ஒரு வார்த்தை குறையா பேசியிருப்பாரா உங்களப் பத்தி?" என்று சேர்த்துக்கொள்வாள். காதுக்காரரும் பெரிய மனுஷனாக, "விடு பாப்பா, முடிஞ்சு போன கதை" என்பார். மாப்பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவார். காதுக்காரரின் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. உலகத்தில் அவருக்கு என்று மிச்சமிருந்தது அந்த ஒரு வாசல்தான்.

போன வியாழக்கிழமை பழைய டவரை மூடினார்கள். ரன்வேயின் அந்தப் பக்கம் புது டவர் எழும்பிவிட்டது. பழைய ஆட்களையெல்லாம் ஒரு டீ விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கும் அழைப்பு போனது, "எனக்கு கிளாஸ் இருக்கு" என்று ஒதுங்கிக்கொண்டார். காதுக்காரர் அறுபத்தாறு வயது முழங்காலோடு எழுபத்திரண்டு படியையும் ஏறினார். நடுவில் மூன்று இடத்தில் நின்று, காட்சி பார்ப்பது மாதிரி நடித்தார். மேலே போனதும் சுற்றிப் பார்த்தார். மேஜை இருந்தது, பைனாகுலர் தொங்கிய ஆணி இருந்தது, வடக்குக் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர்க் கறைகூட அப்படியே இருந்தது. தன் நாற்காலி இருந்த இடத்தில் தரையில் தேய்ந்திருந்த நாலு குழியையும் குனிந்து தடவிப் பார்த்தார். யாராவது பார்க்கிறார்களா என்ற வெட்கம்கூட அவருக்கு அப்போது இல்லை.

இப்போதைய டவர் அதிகாரி ஒரு பெண், காதுக்காரரிடம் படித்தவள். பழைய ஒலிநாடாக்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தாள். "உங்க குரலையெல்லாம் இன்னிக்கு உங்களுக்கே போட்டுக் காட்டப் போறேன்" என்றாள். ஒவ்வொன்றாகப் போட்டாள். செத்துப் போனவர்கள் பேசினார்கள். காற்று கேட்டார்கள், நேரம் கேட்டார்கள், தங்களுக்கு டீ மிச்சம் இருக்கிறதா என்று கேட்டார்கள். கிழவர்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"இது நம்ம சாரோட பாடம்" என்று அவள் அடுத்ததைப் போட்டாள். வகுப்பில் இவர் போட்டது வெட்டிய துண்டு. இது முழு நாடா. முதலில் ஒரு பயிற்சி விமானம் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்டது. இளமையான காதுக்காரரின் குரல் அதற்குப் பதில் சொன்னது, சொன்ன மூச்சிலேயே மாப்பிள்ளையின் எண்ணைக் கூப்பிட்டு ரன்வேக்கு வெளியே நிற்கச் சொன்னது. பிறகு டிக் டிக்.

"அட, இது நான்தான்" என்றார் ஜன்னலோரம் நின்றவர்.

அவர் குருவி மாஸ்டர். அந்தக் காலத்தில் ஃபிளையிங் கிளப்பில் இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் பறக்கச் சொல்லிக்கொடுத்தவர். கையில் டீயோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எது நீங்க?" என்றார் காதுக்காரர்.

"அந்த டிக் டிக். நீங்க எனக்குக் காத்து சொன்னீங்க. நான் நன்றி சொல்லப் போறேன், அதுக்குள்ள மூச்சு விடாம வேற யாருக்கோ பேச ஆரம்பிச்சுட்டீங்க. நீங்க முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அமுக்கினேன். நல்லா ஞாபகம் இருக்கு சார், அடுத்த நிமிஷமே அந்தப் பெரிய விமானம் எனக்கு நேரா ஏறி வந்துச்சே."

"இதை ஏன் அன்னிக்கு யாருகிட்டயும் சொல்லல?"

குருவி மாஸ்டரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. "என்னை யாரும் கேக்கலையே சார். உங்க மாப்பிள்ளையே ஒத்துக்கிட்டாருன்னு சொன்னாங்க. சரி, அவரும் அமுக்கியிருப்பாரு, நானும் அமுக்கியிருப்பேன்னு விட்டுட்டேன். அடுத்த மாசம் வேற ஊருக்கு வேலைக்குப் போயிட்டேன்."

காதுக்காரர் அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "இன்னொரு தடவை போடும்மா."

போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டே இரண்டு. நாலு இல்லை. மறுபடி போடச் சொன்னார். முதல் டிக் லேசு, இரண்டாவது அழுத்தம் என்று சத்தியம் பண்ணிச் சொன்னாரே, அப்படி ஒரு வித்தியாசமும் அதில் இல்லை. ஒரு பொத்தானை ஒரு கட்டைவிரல் இரண்டு முறை அமுக்கிய சத்தம், அவ்வளவுதான். அது யாருடைய கட்டைவிரலாகவும் இருக்கலாம்.

டீயைக் குடிக்காமலே கீழே இறங்கினார். இறங்கும்போது எங்கேயும் நிற்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே போனார். யாருக்கும் சொல்லாமல் இருந்துவிடலாம். குருவி மாஸ்டர் நாளைக்கே ஊருக்குப் போய்விடுவார். அந்தப் பெண் மரியாதைக்காரி, வாயைத் திறக்க மாட்டாள். சொன்னால் தங்கச்சி என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும், திறக்க வருஷமாகும். இரண்டு நிறுத்தம் வரைக்கும் சொல்ல வேண்டாம் என்றே முடிவு பண்ணியிருந்தார். மூன்றாவது நிறுத்தத்தில், தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போகும் அந்த முதுகு ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்த முடிவு நிற்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தபோது, தங்கச்சி வீட்டுத் தெருமுனையில் மாப்பிள்ளையின் கார் வந்து நின்றது. ஓட்டியது ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. "ஓரமா நிறுத்தணும், நிறுத்துறேன்" என்று கத்தி முடித்து இறங்கிப் போனாள். காதுக்காரர் கதவைத் திறந்து அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் இருந்த மாப்பிள்ளை ஒரு துணியால் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, அந்த டிக் உங்களோடது இல்ல."

துடைத்த கை நின்றது. "யாரு சொன்னா?"

"குருவி மாஸ்டர். அது அவரோடது."

"அவரா?" என்றார் மாப்பிள்ளை. "யாரா இருக்கும்னு நானும் இத்தனை வருஷமா யோசிச்சிட்டிருந்தேன்."

"நான் நிக்கச் சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

"இல்ல. இன்னொரு ரேடியோவுல கம்பெனிகிட்ட பேசிட்டிருந்தேன். உங்க சத்தத்தைக் குறைச்சு வச்சிருந்தேன். அது என் தப்புதான் மச்சான், அதை யாரு தலையிலயும் கட்ட முடியாது."

"அப்புறம் எதுக்கு உங்களோடதுன்னு சொன்னீங்க?"

மாப்பிள்ளை துணியை நாலாக மடித்தார். "நீங்க முன்னாடியே சொல்லிட்டீங்களே. எல்லார் முன்னாடியும் சத்தியம் பண்ணி. நான் இல்லைன்னு சொன்னா, வராத பதிலை வந்ததா சொன்ன ஆளுன்னு உங்களத்தான் பிடிப்பாங்க. எப்படியும் நான் மாட்டியாச்சு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கும் வேலை போகணுமா?"

"உங்களுக்கு மூணு மாசத்தோட முடிஞ்சிருக்கும்."

"தெரியும். ஒத்துக்கிட்டா ஒரு வருஷம் ஆகும், அப்புறம் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு நெனச்சேன்." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "கணக்கு தப்பிடுச்சு. பரவால்ல. ஆனா இதை உங்க பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க. என்னத் திட்டி அவளுக்குப் பழகிடுச்சு, எனக்கும் பழகிடுச்சு. இந்த வயசுல புதுசா உங்களத் திட்ட ஆரம்பிச்சா, ஞாயித்துக்கிழமை நீங்க எங்க போவீங்க?"

காதுக்காரருக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. நர்ஸ் விட்டுப்போன ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார். மாப்பிள்ளை மடித்த துணியை நீட்டினார், அது கண்ணாடி துடைத்த துணி என்பது இருவருக்குமே உறைக்கவில்லை. பிறகு காதுக்காரர் இறங்கி நேராக வீட்டுக்குள் போனார். முகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது.

தங்கச்சி சமையலறை மேஜையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். "என்னண்ணா, வியாழக்கிழமை வந்திருக்கீங்க? முகத்துல என்ன?" என்றாள். அவர் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். டவர், குருவி மாஸ்டர், நாடா, இரண்டே டிக், காரில் மாப்பிள்ளை சொன்னது, அந்த மூன்று மாதம், எதையும் விடவில்லை. பாதியில் மாப்பிள்ளை வந்து வாசற்படியில் நின்றார். அவள் கத்தி நறுக்குவதை நிறுத்தி ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

"அப்போ நான் திட்டினதெல்லாம்?" என்றாள் புருஷனிடம்.

"பரவால்ல."

"எப்படிங்க பரவால்ல? ஒரு நாள்கூட வாயத் திறந்து சொல்லணும்னு தோணலையா?"

அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். கோபம் வரும் என்று காத்திருந்தவருக்கு அவள் முகத்தில் இருந்தது என்னவென்று பிடிபடவில்லை.

"அண்ணா, அன்னிக்கு மைக்கில இவர்கிட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்க. இவர் காதுல விழாதது விழட்டும்."

காதுக்காரர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். இருபத்து மூன்று வருஷமாக மனப்பாடமாக இருந்த வரி. ஆனாலும் அதை மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொல்வது இதுதான் முதல் தடவை.

"ஏழு மூணு ஒன்பது, ரன்வேக்கு வெளியே நில்லுங்க. இறங்கும் விமானம் நெருங்கியாச்சு. உள்ளே வர வேண்டாம்."

மாப்பிள்ளை வாசற்படியில் நிமிர்ந்து நின்றார். கை தானாகப் போய்ப் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழைய நிதானமான குரல், எந்தக் குரலுக்காகக் காதுக்காரர் அவரை மாப்பிள்ளையாக்கினாரோ அந்தக் குரல், கொஞ்சமும் மாறாமல் வந்தது.

"ரன்வேக்கு வெளியே நிக்கிறேன். இறங்கும் விமானம் இருக்கு. உள்ளே வர மாட்டேன். ஏழு மூணு ஒன்பது."

தங்கச்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பைலட் சரியாகத் திருப்பிச் சொன்னால் சரி என்று டவர் சொல்ல வேண்டும். அதுவும் சட்டம்தான். காதுக்காரர் தலையாட்டினார். அவரை அறியாமலே அவர் விரல், மேஜையின் மேல் இரண்டு முறை தட்டியது.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை, நர்ஸிடம் பேசுகிற அதே தொனியில். "வாயால சொல்லுங்க."

"தப்பு என்னோடது மாப்பிள்ளை" என்றார் காதுக்காரர்.

தங்கச்சி மேஜையிலிருந்த காயை ஒதுக்கினாள். புருஷனுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொஞ்சம் பொறுத்து, எதிரில் அண்ணனுக்கும் ஒன்று போட்டாள்.